பாஸ்புக் போட்டோவில் நம்பரை மொசைக் போட்டு மறைச்சா போதுமா?

கேள்வி: அம்மாவோட பென்ஷன் வரவு விழுந்த பக்கத்தை குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடணும். அக்கவுண்ட் நம்பரைக் கட்டம் கட்டமா ஆக்கிட்டேன். பெருசாக்கினாலும் சாம்பல் கட்டம்தான் தெரியுது. போதுமாங்க?

பதில்: போதாதுங்க. ஒவ்வொரு கட்டமும் அதுக்குள்ள இருந்த புள்ளிகளோட சராசரி நிறம். இலக்கம் மொத்தமே பத்து. அதே எழுத்துருவில் 0 முதல் 9 வரை அடிச்சு, அதே அளவு கட்டமாக்கி ஒப்பிட்டா பல சமயம் மாட்டிக்கும். மொசைக் போட்ட எழுத்தை மீட்க 2020-ல வந்த டெபிக்ஸ்ங்கற மென்பொருள் கருவியும் கிட்டத்தட்ட இப்படித்தான். நானே எங்க டிடிபி கடையில என் நம்பரை வச்சு முயற்சி பண்ணி, ஆறு இலக்கம் எடுத்தேன். அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை.

இன்னொருவர்: கருப்புக் கட்டம் வைங்க. ஹைலைட்டர் வேண்டாம், வெளிச்சத்தைக் கூட்டினா அடியில இருக்கறது தெரியும்.

கேட்டவர்: கருப்பு வச்சே அனுப்பிட்டேன். பழைய படத்தையும் அழிச்சாச்சு. ரொம்ப நன்றிங்க.