மறு: மறு: கழற்றி மாட்டும் கட்டுப்பாட்டுப் பலகைக்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆர்கேட் வீடியோ கேம் பெட்டியில் ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் பொருத்திய பலகையை, ஆட்டத்துக்கு ஏற்பக் கழற்றி வேறொன்றை மாட்டுகிறோமே, அதற்குத் தமிழில் என்ன சொல் என்று தேடப்போய், இரண்டு நாளாக இந்த மடல் இழை எங்கெங்கோ போய்விட்டது. "மாட்டுபலகை" என்று ஒருவர் சொல்லப்போக, மாட்டுவண்டி, மாட்டுத்தோல் என்று கேலி கிளம்பியது. இன்னொருவர் "ஆடுபலகை" என்றார். ஆட்டையும் மாட்டையும் ஒரே கயிற்றில் கட்டியாயிற்று.

ஆனால் ஆடுபலகையை அப்படிச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆடுகளம் இருக்கிறதே, ஆடுபலகை ஏன் கூடாது? என் தயக்கம் வேறு. என் ஆர்கேட் பெட்டியின் முதல் பலகையை மரத் திருகாணியால் நேராக முடுக்கி வைத்திருந்தேன். பத்துப் பன்னிரண்டு முறை கழற்றி மாட்டியதில் துளை தேய்ந்துபோய், ஜாய்ஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்தால் பலகையும் கூடவே எழுந்து வந்தது. என்னைக் கேட்டால் அதுதான் ஆடுபலகை! உள்ளே மரை வெட்டிய பித்தளைக் குழல்களைத் துளைகளில் இறக்கிய பிறகே அடங்கியது. ஒரு பொருளின் மோசமான பழுதையே அதற்குப் பெயராக வைக்க வேண்டாம்.

> இடைமாற்றத்தகு கட்டுப்பாட்டுப் பலகம் என்றால் பொருள் துல்லியமாக இருக்கிறதே?

துல்லியம்தான் ஐயா. ஆனால் அதற்கு உருபு சேர்த்து ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்: "இடைமாற்றத்தகு கட்டுப்பாட்டுப் பலகங்களுக்கான இணைப்பியின் முனைகள்". படிப்பவர் முனைக்கு வந்துசேர்வதற்குள் பலகத்தை மறந்திருப்பார். "பரிமாற்றப் பலகம்" என்றால் தொலைபேசி நிலையம் நினைவுக்கு வருகிறது. "விசைப்பலகை"யைக் கீபோர்டு எப்போதோ எடுத்துக்கொண்டது. நம் பெட்டிகளில் பட்டன்களைப் படிக்கும் என்கோடர்களில் பல, கணினியிடம் தம்மைக் கீபோர்டு என்றே சொல்லிக்கொள்கின்றன. குழப்பத்துக்கு வேறு ஆள் வேண்டாம்.

சொல்லுக்குப் போகுமுன், இந்தப் பலகம் எதற்காக மாறுகிறது என்று பார்த்துவிடலாம். 1980இல் வந்த பேக்மேனுக்கு நான்கு திசை ஜாய்ஸ்டிக் வேண்டும். எட்டுத் திசைக் குச்சியில் ஆடினால் கை கொஞ்சம் மூலைக்குச் சாய்ந்தாலும் திருப்பத்தைத் தவறவிடுவோம். 1991இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்கு எட்டுத் திசையும் ஆளுக்கு ஆறு பட்டனும் தேவை. மிசைல் கமாண்டுக்கு உருட்டுப் பந்து, டெம்பெஸ்டுக்குச் சுழல்குமிழ், ரோபோட்ரானுக்கு ஒரே ஆளுக்கு இரண்டு குச்சி. எல்லாவற்றையும் ஒரே பலகையில் அடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கை வைக்க இடம் இராது. சண்டை ஆட்டத்தில் உதைக்கும் பட்டனை அழுத்தப் போகும்போது மணிக்கட்டு பந்தில் இடிக்கும்.

ஆக, கழற்ற முடிவது மட்டும் போதாது. பழுது பார்ப்பதற்காக எந்தப் பலகையையும் கழற்றலாம். நாம் பேசுவது ஒரே இடத்தில் ஒன்றை எடுத்து இன்னொன்றை வைப்பதைப் பற்றி. அந்தத் தன்மை பலகத்தில் இல்லை, அது உட்காரும் இடத்தில் இருக்கிறது. அகலம், சாய்வு, கொக்கி விழும் இடம், இணைப்பியின் முனைவரிசை, இந்த நான்கும் ஒன்றாக இருந்தால் எந்தப் பலகமும் எந்தப் பலகத்துக்கும் பதிலாகும். ஆர்கேட் பெட்டிகளின் கம்பி இணைப்புக்காக 1985இல் ஜப்பானில் வந்த ஜாமா (JAMMA) தரமும் இதையேதான் செய்தது. 56 முனை கொண்ட ஒரே இணைப்பியை வைத்து, பெட்டியை அப்படியே விட்டு, உள்ளே விளையாட்டு இருக்கும் மின்சுற்று அட்டையை மட்டும் மாற்ற வழிசெய்தது. அதில் ஆளுக்கு மூன்று பட்டன்தான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்ததும் மிச்ச மூன்று பட்டனுக்குத் தனியாக ஒரு கம்பிக்கட்டை ஓட்ட வேண்டியதாயிற்று.

அதே தவறை நானும் செய்தேன். ஒருவருக்கு நான்கு திசை, ஆறு பட்டன், தொடக்கம், காசு என 12 கம்பி. இருவருக்கு 24. பொதுக் கிரவுண்டு ஒன்று. மொத்தம் 25. கச்சிதம் என்று மகிழ்ந்து 25 முனை இணைப்பியைப் பற்றவைத்துவிட்டேன். கூடுதலாக ஒரு நிறுத்த பட்டன் வைக்க ஆசைப்பட்ட அன்றே இடமில்லை. இப்போது 37 முனை. மிஞ்சிய பன்னிரண்டில் மூன்றைப் பலகத்தின் அடையாளத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். எந்தெந்த முனை கிரவுண்டோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து ஏழு பலகங்கள் வரை பெட்டியே தெரிந்துகொள்ளும். மூன்றும் திறந்திருந்தால் பலகம் எதுவும் இல்லை என்று பொருள்.

எனவே இரட்டைச் சொல்லாகவே முன்வைக்கிறேன். உட்காரும் இடம் பலகவாய். அதில் வந்து உட்காருவது மாறுபலகம்.

முதலில் "மாற்றுபலகம்" என்றுதான் எழுதினேன். நாம் மாற்றுகிறோம், ஆகவே பிறவினை சரி. ஆனால் ஒரு "ப்" கூடிவிட்டால் அது "மாற்றுப்பலகம்". மாற்றுச்சாவி போல, கையிருப்பில் உள்ள உபரி என்று பொருள் போய்விடும். பேச்சில் அந்த வேறுபாட்டை யார் காப்பாற்றப் போகிறார்கள்? அதனால்தான் மாறுபலகம். மாறுவேடத்தில் ஆள் அதே ஆள், வேடம் மட்டும் வேறு. நம் பெட்டியின் கதையும் அதுதான்.

"பலகம் தானாக மாறுவதில்லையே?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். எரிவாயு தானாகவா எரிகிறது? நாம் பற்றவைக்கிறோம், பெயர் எரிவாயுதான். வினைத்தொகை அந்த அளவுக்குத் தாராளம். மாறுகண் நினைவுக்கு வருகிறது என்று யாராவது சொன்னால் என்னிடம் நல்ல பதில் இல்லை. பழகப் பழகப் போய்விடும் என்று நம்புகிறேன்.

பலகையா பலகமா என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. துளை போடுமுன் கிடக்கும் 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை பலகை. குச்சி, பட்டன், கம்பி, இணைப்பி எல்லாம் ஏறிய முழுத் தொகுப்பு பலகம். இந்த வேறுபாட்டை விட்டால், "பலகையில் பழுது" என்று எழுதுகிறவர் மரத்தைச் சொல்கிறாரா கம்பியைச் சொல்கிறாரா என்று கேட்டு இன்னொரு மடல் போட வேண்டிவரும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சிலர் முழுப் பலகத்தையும் கழற்றுவதில்லை. நிலையான சட்டத்துக்குள் மூன்று சிறு துண்டுகள் வைத்து, நடுத்துண்டை மட்டும் பந்தாகவோ குமிழாகவோ மாற்றிக்கொள்கிறார்கள். அந்தத் துண்டும் மாறுபலகமா, அதற்கு வேறு பெயரா? "மாறுதுண்டு" என்று எழுதிப் பார்த்தேன், தோளில் போடுவது போலிருக்கிறது. தோன்றுவதை எழுதுங்கள்.