புதுசாய்த் தெரிவானவர் வாய் திறக்கலாமோ, மூத்தவை சொல்லும் வரைக்கும் இருக்கவேணுமோ?

குளக்கட்டு:
நேற்று மற்ற இழையில வவுனியூரான் எழுதினது இது: "முதல் தவணை எம்பிமார் இரண்டு வருஷமாவது மூத்தவைக்குப் பின்னால இருந்து படிக்கவேணும். வந்த உடன வாய் திறந்தால் காரியம் கெடும்." வாசிச்சிட்டுப் பேசாமல் போக மனம் வரேல்லை.

இலங்கைப் பாராளுமன்றத்தின்ர ஆயுள் 5 வருஷம். இரண்டரை வருஷம் போனால் ஜனாதிபதி கலைக்கலாம். இரண்டு வருஷம் படிச்சு முடிய, மிஞ்சுறது ஆறு மாசம். வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு இருக்கிறதே 6 ஆசனம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து 225 பேருக்குள்ள ஆறு வாய். அதிலயும் புதுசை மூடி வைக்கச் சொல்லுறீர்.

1947ல காங்கேசன்துறையில முதல்தரம் வென்று போன செல்வநாயகம் ஆரிட்ட உத்தரவு கேட்டவர்? 1948ல மலையகத் தமிழரின்ர குடியுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைதூக்கேக்க, அவற்ற கட்சிக்குள்ள இருந்தே எதிர்த்தவர். எங்கட வவுனியாவுக்கும் 1947ல போனது முதல்தரக்காரன்தான், சுந்தரலிங்கம். அமைச்சராய் இருந்துகொண்டே வாக்கெடுப்பில வெளியால நடந்தவர். பிரதமர் விளக்கம் கேட்க, பதவியையே விட்டவர்.

வவுனியூரான்:
வரலாறு தெரியாமல் எழுதக்கூடாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்துக்கு ஜீ.ஜீ. பொன்னம்பலம் எதிர்த்து வாக்களிச்சவர். அது ஓகஸ்ட் மாசம். அவர் அமைச்சரவைக்குப் போனதே செப்டெம்பரில. அவர் ஆதரிச்சது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். வருஷமே பிழை. இதில கட்டின வாதம் எப்பிடி நிக்கும்?

குளக்கட்டு:
அந்த 3ஆம் இலக்கச் சட்டத்தின்ர இரண்டாம் வாசிப்பு 1948 டிசம்பரில. சுந்தரலிங்கம் எழும்பிப் போனதும் அந்த வாக்கெடுப்பிலதான். கை தூக்கினது 1948ல. சட்டத்துக்கு இலக்கம் விழுந்தது 1949ல. நான் எழுதினது கைதூக்கினதை.

வவுனியூரான்:
நீர் எழுதினது "குடியுரிமைச் சட்டம்". தமிழ் உலகத்தில அந்தப் பேரைச் சொன்னால் அது 18ஆம் இலக்கம். ஒருதரின்ர பேரில எழுவத்தஞ்சு வருஷத்துக்கு மேலாய்ச் சுமத்துற பழியை நீரும் சுமத்திறீர். முதலில அதைத் திருத்தும்.

குளக்கட்டு:
3ஆம் இலக்கம் என்ன மீன்பிடிச் சட்டமே? கலியாணம் கட்டினவருக்கு 7 வருஷம், கட்டாதவருக்கு 10 வருஷம் இடைவிடாத வதிவைக் காட்டினால்தான் குடியுரிமை எண்டது அதில. அதுவும் குடியுரிமைச் சட்டம்தான். திருத்த ஒண்டுமில்லை.

நந்திக்கடல்:
இரண்டு பேரும் ஜீ.ஜீ.யை விட்டிட்டு இண்டைக்கு வாங்கோ. புதுசாய்ப் போனவர் பேசவேணும் எண்டால் எப்பிடிப் பேசுறது? விவாதத்தில நிமிஷத்தைப் பிரிக்கிறது கட்சி. கட்சியின்ர கொறடா பட்டியல் குடுக்கிறார். மூத்தவைக்குப் பன்னிரண்டு நிமிஷம் போனால் புதியவருக்கு மூண்டோ நாலோ. மணி அடிச்சால் ஒலிவாங்கி நிக்கும். அந்த நாலு நிமிஷத்தில இரண்டு நிமிஷம் "கௌரவ தலைமைதாங்கும் உறுப்பினர் அவர்களே" எண்டும் தேர்தல் நன்றியெண்டும் போகுது. எழுதினதைக் கடகடவெண்டு வாசிச்சால் உரைபெயர்ப்பாளருக்குப் பிடிபடாது. எதிர்ப்பக்கம் காதில கருவி போட்டுக் கேட்கிற அமைச்சருக்கு ஏக்கர்க் கணக்கும் ஊர்ப் பேரும் போய்ச் சேராது.

ஆனால் வாய்மூல விடைக்கான வினா அப்பிடியில்லை. அது உறுப்பினரின்ர பேரில போகும்.

குளக்கட்டு:
அதைத்தான் நானும் சொல்ல வந்தனான். வினாவுக்கு மூத்தவர், இளையவர் இல்லை. எழுதத் தெரிஞ்சால் போதும். பிழைக்கிறது எழுதிறதிலதான்.

"வன்னி மக்களின் காணிப் பிரச்சினை எப்போது தீர்க்கப்படும்?" எண்டு கேட்டால், "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" எண்டு வரும். அமைச்சரில பிழையில்லை, அந்தக் கேள்விக்கு அதுதான் விடை. இப்பிடிக் கேட்கவேணும்: (அ) இன்ன பிரதேச செயலாளர் பிரிவில, இன்ன கிராம அலுவலர் பிரிவில, காணி அனுமதிப்பத்திரம் உள்ள வயல் காணிகளுக்குள்ள வன இலாகா எல்லைக்கல் நாட்டியிருக்கிறதை அறிவாரா? (ஆ) எந்த இலக்க, எந்தத் திகதி வர்த்தமானியின்படி? (இ) அதில அனுமதிப்பத்திரக் காணி எத்தனை ஏக்கர், எத்தனை குடும்பம்? (ஈ) விடுவிக்கிற திகதி என்ன? (உ) இன்றேல், ஏன்? அந்தக் கடைசி "இன்றேல், ஏன்" இல்லாட்டி ஓட்டை விட்ட மாதிரி. (ஆ)வுக்குப் பதில் ஹன்சாட்டில, அதுதான் சபைப் பேச்சுப் பதிவில, ஏறிச்சுதெண்டால், கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) நடக்கிற மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில அதே தாளை மேசையில வைச்சு வன இலாகா அதிகாரியிட்டக் கேட்கலாம். அங்க சொன்னது கூட்டக் குறிப்பில ஏறினால், அடுத்த கூட்டத்தில முன்னேற்றம் சொல்லவேணும்.

இன்னொண்டு. வன இலாகா காணி அமைச்சின்ர கீழ இல்லை, சுற்றாடல் அமைச்சின்ர கீழ. வினாவைக் காணி அமைச்சருக்கு எழுதினால், தன்னுடைய விடயம் இல்லையெண்டு கைகழுவி விடுவார். அதோட கிழமைகள் போயிடும். இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில பத்தை வளர்ந்த வயலைக் காடெண்டு வர்த்தமானியில போட்ட விசயத்தில, போன கிழமைக்கு விலை இருக்கு. காலபோக நெல்லுக்கு உழவேணும்.

வவுனியூரான்:
இதெல்லாம் ஆர் படிப்பிக்கிறது? மூத்தவைதான். எந்த அமைச்சு, எந்தக் குழு, எப்ப ஒழுங்குப் பிரச்சினை எழுப்பலாம், எப்ப எழுப்பினால் சபாநாயகர் இருத்துவார் எண்டது எல்லாம் இருந்து பாத்துத்தான் வரும். நீர் எழுதின வினாவே எனக்குச் சாட்சி.

பேசினால் என்ன கெடும் எண்டு கேளும். ஒரே கட்சியில மூத்தவர் ஒண்டு சொல்ல, புதியவர் வேற சொன்னால், அமைச்சர் எழும்பி "உங்கட கட்சி உறுப்பினரே இப்பிடிச் சொல்லுறார்" எண்டு மூண்டு நிமிஷத்தில முடிப்பார். சபையில பேசினதுக்கு வழக்குப் போடேலாத சிறப்புரிமையை வைச்சு ஒரு அதிகாரியின்ர பேரைச் சபையில சொன்னால், அந்த மனுசன் அங்க வந்து மறுமொழி சொல்லேலாது. அதைப் பிழையாய்ச் சொல்லிப்போட்டுத் தானாய் ஹன்சாட்டில இருந்து அழிக்கேலாது.

அரசியலமைப்பு 99(13)(அ)வை வாசியும். கட்சி விலக்கினால் ஒரு மாதத்தில ஆசனம் போகும். உயர் நீதிமன்றத்துக்குப் போனால்தான் தப்பலாம். வெற்றிடத்துக்கு வாறது அதே கட்சிப் பட்டியலில விருப்பு வாக்கில அடுத்ததாய் நிக்கிறவர். 1948ல இந்தப் பூட்டு இல்லை. செல்வநாயகம் பிரிஞ்சு போயும் காங்கேசன்துறை எம்பிதான். அவரை இண்டைக்கு உதாரணம் காட்டுறதே பிழை. அதோட, 18ஆம் இலக்கச் சட்டத்துக்கு ஜீ.ஜீ. எதிர்த்துத்தான் வாக்களிச்சவர். இன்னும் திருத்தேல்லை.

குளக்கட்டு:
அப்ப பயத்தைச் சொல்லும், மரியாதை எண்டு பேர் வைக்காதையும். ஆசனம் போகும் எண்டதால வாயை மூடு எண்டதுதானே உமது உபதேசம். 3ஆம் இலக்கத்துக்குக் கைதூக்கினது 1948 டிசம்பர். திருத்தமாட்டன்.

இன்னொண்டு கேட்கிறன். மூத்தவர் எண்டால் ஆர்? செல்வநாயகம் பிறந்தது 1898, ஜீ.ஜீ. 1901. வயசில செல்வநாயகம்தான் மூத்தவர். அரசாங்க சபையில 1934ல இருந்து இருந்தவர் ஜீ.ஜீ. எந்த மூப்பைக் கும்பிடச் சொல்லுறீர்?

வவுனியூரான்:
சபையில இருந்த மூப்பு. அது ஆருக்கும் விளங்கும். பேசின புதியவருக்கு 1952ல என்ன நடந்தது எண்டதையும் எழுதும். காங்கேசன்துறையில தோத்தவர். சனம் சொன்ன தீர்ப்பு அது.

குளக்கட்டு:
வன்னியசிங்கமும் 1947ல முதல்தரம் போய், செல்வநாயகத்தோட வெளியேறினவர்தான். அவர் 1952ல கோப்பாயில வென்றார். சுந்தரலிங்கம் 1952ல வவுனியாவில வென்றார். 1956ல செல்வநாயகமும் திரும்ப வென்றார். ஒண்டை மட்டும் பொறுக்கி எடுக்கிறது உமது பழக்கம். மாகாணசபை பற்றின இழையிலயும் இதைத்தான் செய்தனீர்.

முறிகண்டியான்:
வன்னிக்கு மூண்டு மாவட்டம் எண்டு எழுதின குளக்கட்டு அண்ணைக்கு: கிளிநொச்சி எங்க? இரணைமடுக் குளம் எந்த மண்ணில இருக்கு?

குளக்கட்டு:
தேர்தல் மாவட்டத்தைச் சொன்னனான் தம்பி. கிளிநொச்சி வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில எண்ணுப்படுது. அது என்ர தீர்மானமில்லை.

முறிகண்டியான்:
மற்ற இழையளில "எங்கட வன்னி" எண்டு நெஞ்சைத் தட்டி எழுதேக்க தேர்தல் மாவட்டம் எண்டு போடேல்லை. கிளிநொச்சிக்காரனை யாழ்ப்பாணத்தான் தன்ர எண்டு சொல்லான், நீங்களும் விட்டால் நாங்கள் எங்க போறது? எங்கட பக்கத்துப் புதியவர் பேசினால் எந்தக் கணக்கில சேரும்?

வவுனியூரான்:
பார், வன்னியின்ர எல்லையே தெரியாதவர் பாராளுமன்றம் படிப்பிக்கிறார்.

குளக்கட்டு:
எல்லை தெரியும். வன்னிப் பெருநிலம் வேற, வாக்கெண்ணுற மாவட்டம் வேற. இதையும் உமக்கு எழுதி விளங்கப்படுத்த வேண்டியிருக்கு.

நந்திக்கடல்:
ஒரு விசயம் ஒருதரும் தொடேல்லை. 6 ஆசனத்துக்குக் கட்சி 9 பேரை நிறுத்தலாம். வாக்காளர் அந்தப் பட்டியலுக்குள்ள மூண்டு பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். எண்டபடியால் புதியவர் வெல்லுறது அநேகமாய்த் தன்ர கட்சியின்ர மூத்தவரைத் தாண்டித்தான். தாண்டி வந்தவரைத் தாண்டப்பட்டவரின்ர ஆக்கள் "பொறுமையாய் இரு" எண்டுறதில எவ்வளவு அக்கறை, எவ்வளவு எரிச்சல் எண்டு யோசியுங்கோ.

வவுனியூரான்:
அது உங்கட ஊர்க் கட்சி அரசியல். எனக்கு எந்த மூத்தவரிட்டயும் வேலையில்லை. பொறுமை வேணும் எண்டது என்ர சொந்த முடிவு. ஆலோசனைக் குழுவில, பொதுமனுக்கள் குழுவில ஒரு வருஷம் வேலை செய்யட்டும். கமரா இல்லாத இடத்தில வேலை செய்தால் ஆர் எண்டு தெரியும்.

குளக்கட்டு:
குழுவிலயும் செய்யட்டும், சபையிலயும் கேட்கட்டும். காலம வினா தொடங்கேக்க ஆசனத்தில இருக்கட்டும். பேர் கூப்பிடேக்க ஆள் இல்லாட்டி, மாசக்கணக்காய்க் காத்திருந்த வினா விழுந்திடவும் கூடும். மூத்தவை எத்தனை பேர் அந்த நேரத்துக்கு உள்ள இருக்கினம் எண்டு ஹன்சாட்டை எடுத்துப் பாரும்.

வவுனியூரான்:
ஹன்சாட் பாக்கத் தெரிஞ்சால் 1948 ஓகஸ்ட் ஹன்சாட்டையும் பாரும். ஜீ.ஜீ. எந்தப் பக்கம் எண்டு இருக்கும்.

குளக்கட்டு:
டிசம்பர் ஹன்சாட்டை நீர் பாரும்.

முறிகண்டியான்:
கிளிநொச்சிக்கு மறுமொழி இன்னும் வரேல்லை.