குடும்ப ஜெபத்திலேயே சண்டை போட்டவர்கள் இங்கே உண்டா?

பாளை அம்மா

எங்கள் வீட்டில் ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம். கல்யாணமாகி 14 வருஷம், கரண்ட் போனாலும் மெழுகுவர்த்தி ஏற்றி நடக்கும். அதனாலேயே எங்களுக்குள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போன லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் நடந்தது. அவர் தங்கைக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட, என் ஐந்து பவுன் சங்கிலியை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அடகு வைத்துவிட்டார். பீரோவில் அது இல்லை என்று தெரிந்ததிலிருந்து மூன்று நாள் இருவருக்கும் பேச்சு கிடையாது. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று பையன் மூலமாகத்தான் தகவல் போகும். ஆனால் ஜெபம் மட்டும் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் பாட்டுப் பாடி, பையன் சங்கீதம் வாசித்து, முழங்கால் போட்டோம். அவர் ஆரம்பித்தார். "ஆண்டவரே, இந்த வீட்டிலே சாந்தமும் அமைதலுமுள்ள ஆவியைத் தாரும்." பேதுரு மனைவிமாருக்கு எழுதிய வார்த்தை அது. யார்மேல் எறிகிற கல் என்று எனக்குத் தெரியாதா? என் முறை வந்ததும், "ஆண்டவரே, கேட்காமல் அடுத்தவர் பொருளில் கை வைக்கிற ஆவியை இங்கிருந்து துரத்தும்" என்று சத்தமாகவே ஜெபித்தேன். அவர் தொண்டையைச் செருமினார். நான் விடவில்லை. அவர் தங்கை வரைக்கும் போய்விட்டேன்.

நான் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே பையன் "ஆமென்" என்றான். ஒன்பது வயது அவனுக்கு. எழுந்து, பைபிளை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடி, லைட்டை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டான். நாங்கள் இரண்டு பேரும் இருட்டில், முழங்காலில்.

அந்த ஜிப் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எத்தனை வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தானோ பிள்ளை.

அன்றைக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேசினோம். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போது ஒரு ஏற்பாடு: ஜெபத்துக்கு முன்னாலேயே பேசிவிட வேண்டும். பேச முடியாத கோபம் என்றால் அன்றைக்கு இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபம் மட்டும், வேறு ஒன்றும் சொல்லக் கூடாது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இருக்கிறதே, அதை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்பேன்! வாய்க்கால் தகராறு செய்கிற பக்கத்துத் தோட்டக்காரரைத்தான் நினைத்துக்கொள்வேன். பக்கத்தில் முழங்கால் போட்டிருக்கிற ஆள் ஞாபகத்துக்கு வந்ததே இல்லை.

உங்கள் வீடுகளில் எப்படி?

கப்பல்காரன்

அக்கா, எங்களுக்குச் சண்டை போடக்கூட நேரில் ஆள் கிடையாது. ஒன்பது மாத ஒப்பந்தம், எஞ்சின் ரூம் வேலை. நெட் கிடைக்கிற நேரம் பார்த்து அவள் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்புவாள். கடைசியில் எனக்காக ஒரு சின்ன ஜெபம் இருக்கும். நான் கேட்டுவிட்டு "ஆமென், ஸ்தோத்திரம்" என்று எழுதிப் போடுவேன். இதுதான் எங்கள் குடும்ப ஜெபம்.

ஒரு நாள் விடியற்காலை வாட்ச் டியூட்டி முடிந்து வந்து பார்த்தால் ஏழு நிமிஷ வாய்ஸ். ஜெபம் மூன்றாவது நிமிஷத்திலேயே முடிந்துவிட்டது. மைக்கை நிறுத்த மறந்திருக்கிறாள். பாத்திரம் கழுவுகிற சத்தம், பிறகு அவள் அம்மா ஏதோ கேட்கிறார்கள். இவள் சொல்கிறாள்: "அவர்கிட்ட என்னத்தச் சொல்லம்மா. எதைச் சொன்னாலும் ஜெபம் பண்ணிக்கோன்னுதான் பதில் வரும்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட பரவாயில்லை. சாதாரணமாக, மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள்.

பிறகு அதை அழித்துவிட்டாள். அதற்குள் நான் மூன்று முறை கேட்டிருந்தேன். ஊருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. கேட்டேன் என்று இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அவள் எதையாவது ஆரம்பித்தால் அந்த வார்த்தை வாய்க்கு வரும்போதே விழுங்கிவிடுகிறேன். அதற்குப் பதில் என்ன சொல்வதென்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அவள் கூடுதலாகப் பேசுகிறாள், அது மட்டும் தெரிகிறது.

விசுவாச வீடு

அன்பான சகோதரிக்கு ஸ்தோத்திரம். முதல் பதிவைப் படித்து மனம் வருந்தினேன். சங்கிலி பெரிதா, சமாதானம் பெரிதா? எபேசியர் 5:22-ஐ எடுத்து வாசியுங்கள், மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. புருஷன் தலையாக இருக்கிறான். தலை எடுத்த முடிவை ஜெப வேளையில் பிள்ளை முன்னால் குத்திக் காட்டினது சரியல்ல என்று அன்போடு சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு முறைதான் கோபித்துக்கொண்டு வெளியே போயிருக்கிறேன். கோயில் காம்பவுண்டில் உட்கார்ந்திருந்தேன். கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை ஒரு டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதோடு சரி. 27 வருஷத்தில் சண்டை என்பதே இல்லை.

இளம் தம்பதிகளுக்குச் சில ஆலோசனைகள். காலை ஐந்து மணிக்கே எழுந்து தனிஜெபம், அதன் பிறகுதான் காபி. புது வருஷ ஆராதனையில் கிடைக்கிற, வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை இருவரும் தனித்தனியாக வைத்துக்கொள்ளாமல், ஒரே வசனத்தைக் குடும்பத்துக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வந்த அன்றே ஆண்டவருக்கென்று பத்தில் ஒரு பங்கு தசமபாகத்தை எடுத்து வையுங்கள், பாதி வாக்குவாதம் குறையும். சாப்பாட்டு மேஜையில் போன் வேண்டாம். மாமியார் பற்றிக் கணவனிடம் ராத்திரி ஒன்பதுக்கு மேல் பேசாதீர்கள், அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். கணவன் வேலையிலிருந்து வந்ததும் முதல் பத்து நிமிஷம் ஒன்றும் கேட்காதீர்கள். கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு ஒரு கீர்த்தனையை மனதுக்குள் பாடுங்கள், முடிந்ததும் விழுங்குங்கள். என் தாயார் சொல்லிக்கொடுத்தது. இதையெல்லாம் கடைப்பிடித்தால் ஆலோசனைக்காரர்களிடம் போய்ப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

மலைக்கோட்டை

ஒன்பது மணிக்கு மேல் மாமியார் பேச்சு வேண்டாம் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். மற்றதற்கு நான் வரவில்லை.

நாங்கள் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். பங்கில் ஒரு ஃபாதர் விடாமல் சொல்லி, மேரேஜ் என்கவுண்டர் என்கிற தம்பதிகளுக்கான வார இறுதிக்குப் போனோம். பெயரைக் கேட்டதும் என் வீட்டுக்காரர், "சுட்டுத் தள்ளிடுவாங்களா?" என்றார். வெள்ளி சாயங்காலம் போய் ஞாயிறு திரும்புவது. கேப்ரியல் கால்வோ என்கிற ஸ்பெயின் நாட்டுக் குருவானவர் 1962-இல் பார்சிலோனாவில் முதன்முதலில் நடத்தியது இது. கூட்டத்தில் எழுந்து நின்று நம் கதையைச் சொல்லச் சொல்வார்களோ என்ற பயத்தில்தான் பாதிப் பேர் வருவதில்லை. அப்படி எதுவும் கிடையாது. சில தம்பதிகளும் ஒரு குருவும் தங்கள் கதையைப் பேசுவார்கள். பிறகு ஒரு கேள்வியைக் கொடுத்து நம்மைத் தனியாக அனுப்பிவிடுவார்கள். பத்து நிமிஷம் இருவரும் தனித்தனியாக நோட்டில் கடிதம் எழுத வேண்டும், மாற்றிப் படித்துவிட்டுப் பத்து நிமிஷம் பேச வேண்டும். உணர்ச்சியில் சரி தப்பு என்று கிடையாது, அதனால் எதிர்வாதம் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள்.

நான் நான்கு பக்கம் எழுதிவிட்டேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். சரி, இந்த மனுஷன் எழுதப் போவதில்லை என்று நினைத்தேன். நோட்டை வாங்கிப் பார்த்தால் இரண்டு வரி. "எனக்கு எழுத வரவில்லை. உன் அப்பா இறந்த அன்றைக்கு நான் மத்தியான ஷிப்டுக்குப் போனது தப்பு."

அப்பா இறந்து அப்போது 11 வருஷம். நான் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. என் நான்கு பக்கத்திலும் அது இல்லை. அவர் மறந்துவிட்டார் என்றும், நானும் மறந்துவிட்டேன் என்றும் நினைத்திருந்தேன். என் நான்கு பக்கத்தில் என்ன எழுதினேன் என்று கேட்டால் இப்போது ஒரு வரிகூட ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்து தினமும் எழுத வேண்டும் என்றார்கள். மூன்று வாரம் எழுதினோம். நோட்டு இப்போது பால் கணக்குக்குப் போய்விட்டது.

நெட்டைப்பனை

விசுவாச வீடு அண்ணாச்சி, 22-ஆம் வசனத்துக்கு முன்னால் 21 என்று ஒன்று இருக்கிறது. "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." பைபிளை எடுத்தால் 22-இல்தான் எல்லாருக்கும் கண் போகிறது. மனைவியை மதித்து நடக்காவிட்டால் புருஷனுடைய ஜெபத்துக்கே தடை வரும் என்று பேதுரு எழுதியதையும் யாரும் அட்டையில் அடித்துக் கொடுப்பதில்லை.

எனக்கு இந்தப் பேச்சு ஏன் எரிகிறது என்று சொல்கிறேன். என் முதல் ஐந்து வருஷம் அடி. சபை மூப்பர் ஒருவரிடம் சொன்னபோது "ஜெபித்துப் பொறுமையாக இரு, அவன் இரட்சிக்கப்படுவான்" என்றார். நானும் உபவாசம் இருந்து ஜெபித்தேன். உபவாசத்தில் அடி வாங்கினால் சீக்கிரம் மயக்கம் வரும். அதுதான் நான் கண்ட வித்தியாசம்.

மே மாதம், கத்திரி வெயில். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கு முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் என் கை மேல் கை வைத்தார்கள். நான் வலியில் இழுத்துக்கொண்டேன். கூட்டம் முடிந்ததும் சொன்னார்கள்: "ஜெபம் பண்ணுவோம். ஆனா நீ இன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல படு." பிள்ளைகளைக் கூட்டிவர அவர்களே ஆட்டோவில் போனார்கள்.

பேசித் தீர்க்கிற விஷயம் வேறு, இது வேறு. இதைப் படிக்கிற யாராவது அப்படி இருந்தால்: 181-க்குப் போன் செய்யுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். 2005-இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம், குடியிருக்கிற வீட்டிலிருந்து உங்களை வெளியே தள்ள முடியாதபடி உத்தரவும் கேட்கலாம். கிறிஸ்தவப் பெண் என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை.

விசுவாச வீடு

சகோதரி, அடிப்பதை நான் ஆதரிக்கவில்லை. அப்படி அர்த்தம் எடுத்துக்கொண்டால் மன்னிக்கவும். பொதுவாகத்தான் சொன்னேன்.

மலைக்கோட்டை

அண்ணாச்சி, 27 வருஷம் சண்டையே இல்லை என்றீர்களே. அக்காவிடம் கேட்டுவிட்டு எழுதினீர்களா?

ஏழு மாதம்

நான் புதுசு. கல்யாணமாகி ஏழு மாதம், சென்னையில் இருக்கிறோம். நான் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட் சபை), அவள் ஆர்.சி. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: மனைவி முன்னால் வாய்விட்டு ஜெபிக்க எனக்குப் பயங்கரக் கூச்சம். ஆபீஸில் முப்பது பேர் முன்னால் பேசுகிறவன் நான்.

போன மாதம் அவளுக்கு ஸ்கேனுக்கு முந்தின ராத்திரி. தூக்கம் வரவில்லை. "ஏதாவது ஜெபம் சொல்லேன்" என்றாள். ஆரம்பித்தால் என் அப்பா குரலில் வருகிறது. "அடியார்கள் மேல் கிருபை கூர்ந்தருளும்" என்கிறேன். அவள் போர்வைக்குள் சிரிக்கிறாள். சரி, தெரிந்ததையே சொல்வோம் என்று கர்த்தருடைய ஜெபத்துக்குப் போனோம். நான் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே", அவள் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே". இரண்டு ரயில் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் போவது போல ஒருவர் முந்தி ஒருவர் பிந்தி. "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்று அவள் முடித்துவிட்டாள். அவர்களுக்கு அங்கே முடிந்துவிடுகிறது. எனக்கு இன்னும் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" பாக்கி. இருட்டில் நான் மட்டும் தனியாகச் சொல்லிக்கொண்டு போனேன். அவள் காத்திருந்து, கடைசியில் எனக்காக ஒரு "ஆமென்" சொன்னாள்.

ஸ்கேன் நார்மல். ஆனால் எனக்கு ஞாபகம் வருவது அவள் காத்திருந்த அந்த ஐந்து வினாடிதான். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து ஜெபிக்கவில்லை. எப்படித் திரும்ப ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தயவுசெய்து ஐந்து மணிக்கு எழுந்திருக்கச் சொல்லாதீர்கள்.

மலைக்கோட்டை

தம்பி, அவள் கேட்ட மாதிரி இந்த முறை நீங்கள் கேளுங்கள். "ஏதாவது ஜெபம் சொல்லேன்", அவ்வளவுதான். போப் பிரான்சிஸ் குடும்பங்களுக்கு எழுதிய 2016 மடலில்கூடப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. தயவுசெய்து, நன்றி, மன்னிக்கவும் என்ற மூன்று வார்த்தைதான். என் வீட்டுக்காரருக்கு மூன்றாவது வார்த்தை வர 11 வருஷம் ஆனது. உங்களுக்கு ஏழு மாதம்தானே.

கப்பல்காரன்

பாளை அக்கா, சங்கிலி வந்துவிட்டதா?

பாளை அம்மா

இன்னும் இல்லை தம்பி. வட்டி மட்டும் கட்டியிருக்கிறார். ரசீதை என்னிடம் கொடுத்துவிட்டார், பைபிள் உறை ஜிப்புக்குள் வைத்திருக்கிறேன். நீங்கள் அந்த வாய்ஸ் விஷயத்தை அவளிடம் சொல்லிவிடுங்கள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். கேட்ட வாய்ஸுக்கு அந்த மைக் படம் நீலமாகிவிடும் இல்லையா?

விசுவாச வீடு

மலைக்கோட்டை சகோதரி, கேட்டேன். பதிவு முழுவதையும் வாசித்தே காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளும் ஒரு தரம் படித்தாள். "தண்ணியை வாயில வச்சுக்கிட்டது யாருன்னு எழுதலையே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.