ஆர்டிஎக்ஸ் 5060-ஆ, 9060 எக்ஸ்டி-யா? போர்டு பழைய பி450

வேலன்பிசி:
வணக்கம். ரைசன் 5 3600 சிபியு, பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 1080பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். இப்போ இருக்கிற கிராபிக்ஸ் கார்டு என்விடியா ஜிடிஎக்ஸ் 1650, அதை மாத்தணும். கேம்தான் முக்கியம், கூடவே கொஞ்சம் பிளெண்டர் (3டி மென்பொருள்). என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 (8 ஜிபி), ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி (16 ஜிபி), இன்டெல் ஆர்க் பி580 (12 ஜிபி) இந்த மூணுல எது? போர்டும் சிபியு-வும் இப்போதைக்கு மாத்தப் போறதில்லை.

சிலிக்கன்_சித்தர்:
போர்டு மாத்தலைன்னா முதல்ல லேன் (கார்டுக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா போற பாதை) கணக்கைப் பாருங்க. பி450-ல கார்டு ஸ்லாட் பிசிஐஇ 3.0 (பழைய தலைமுறை இணைப்பு). 5060-க்கு 8 லேன்தான், அதனால நொடிக்குச் சுமார் 8 ஜிபி-தான் போகும். 9060 எக்ஸ்டி-க்கு முழு 16 லேன் இருக்கு, 16 ஜிபி வரை போகும்.

விராம் (கார்டோட சொந்த மெமரி) நிறையாத வரை இந்த வித்தியாசம் பெருசா தெரியாது. நிறைஞ்சதும்தான் வம்பு. 5060-ன் சொந்த மெமரி நொடிக்கு 448 ஜிபி தரும். மிச்ச டெக்ஸ்சரை அந்த 8 ஜிபி குழாய் வழியா ரேமிலிருந்து இழுக்கணும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) பரவாயில்லாம காட்டும், ஆனா திரும்பும்போதெல்லாம் திக்கும். ஃப்ரேம் ஜெனரேஷன் (நடுவுல செயற்கை ஃப்ரேம் சேர்க்கிறது) போட்டா அதுவும் விராமைத் தின்னும். உங்களுக்கு 9060 எக்ஸ்டி 16 ஜிபி-தான். அதே பேர்ல 8 ஜிபி-யும் விக்கிறாங்க, பெட்டியைப் பார்த்து வாங்குங்க.

ரெண்டர்ராணி:
கேமுக்குச் சரி. ஆனா பிளெண்டரோட ரெண்டர் எஞ்சின் சைக்கிள்ஸ்ல, கார்டை வச்சு ரெண்டர் பண்ற என்விடியாவோட ஆப்டிக்ஸ் முறையின் வேகம் ஏஎம்டி-யோட ஹிப் முறையில வராது. சின்ன சீன்னா 5060 முந்தும். சீன் 8 ஜிபி-யைத் தாண்டினா வேகம் படுத்துடும், இல்லேன்னா மெமரி பத்தலைன்னு ரெண்டர் நின்னுடும். பிளெண்டர்தான் சோறு போடுதுன்னா என்விடியாவிலேயே 5060 டிஐ 16 ஜிபி பாருங்க. பொழுதுபோக்குன்னா சித்தர் சொன்னதே போதும்.

வேலன்பிசி:
நன்றிங்க. பி580 பத்தி யாரும் சொல்லலையே? விண்டோஸ் எம்பிஆர்-ங்கிற பழைய பார்ட்டிஷன் முறை டிஸ்க்ல இருக்கு, அதனால ஏதாவது சிக்கல் வருமா?

சிலிக்கன்_சித்தர்:
நல்ல கார்டுதான், உங்க சிபியு-வுக்கு ஒத்துவராது. ஆர்க் டிரைவர் சிபியு-வை நிறைய வேலை வாங்கும், 3600-ல அந்த அடி நல்லாவே தெரியும். ரீசைசபிள் பார் (சிபியு கார்டோட முழு மெமரியையும் ஒரேயடியா அணுக விடுற வசதி) இல்லாம பி580-ஐத் தொடவே வேண்டாம்.

9060 எக்ஸ்டி-க்கும் ரீசைசபிள் பாரை ஆன் பண்றது நல்லது. புது பயாஸ் (போர்டோட அடிப்படை மென்பொருள்) போடுங்க. ரீசைசபிள் பாருக்காக பயாஸ்ல சிஎஸ்எம்-ஐ (பழைய பூட் முறை) அணைக்கணும், ஆனா உடனே அணைச்சிடாதீங்க, எம்பிஆர் டிஸ்க்ல விண்டோஸ் பூட் ஆகாது. பேக்கப் எடுத்து, பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) இருந்தா நிறுத்தி வச்சுட்டு, அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்ல டிஸ்கைப் புது ஜிபிடி முறைக்கு மாத்துற எம்பிஆர்2ஜிபிடி கருவியை முதல்ல வேலிடேட்டோட (சோதனை மட்டும்) ஓட்டுங்க. தேறினா கன்வெர்ட். பிரைமரி பார்ட்டிஷன் மூணுக்கு மேல இருந்தா தேறாது. அப்புறம் சிஎஸ்எம் ஆஃப், அபவ் 4ஜி டிகோடிங் ஆன், ரீசைசபிள் பார் ஆன்.

ரெண்டர்ராணி:
என்விடியாவிலிருந்து ஏஎம்டி-க்குப் போறதால, பழைய கார்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி சேஃப் மோட்ல டிடியு (பழைய டிரைவரை முழுசா நீக்குற கருவி) ஓட்டிடுங்க. நெட்டைத் துண்டிச்சுட்டுச் செய்யுங்க, இல்லேன்னா விண்டோஸ் அப்டேட் நடுவுல ஒரு டிரைவரைத் திணிச்சிடும். 16 ஜிபி மாடல் 160 வாட்தான், உங்க எஸ்எம்பிஎஸ் தாங்கும். கேபினெட்ல கார்டு நீளத்துக்கு இடம் இருக்கான்னு அளந்துக்குங்க.

மாட்டினதும் கார்டு விவரம் காட்டுற ஜிபியு-இசட் மென்பொருள்ல பஸ் வரியைப் பாருங்க. பக்கத்துல இருக்கிற கேள்விக்குறியை அழுத்தி லோடு கொடுத்தாத்தான் சரியான வேகம் தெரியும். 16 லேன், 3.0-ன்னு வரணும். 4 லேன்னு வந்தா கார்டைக் கீழ் ஸ்லாட்ல மாட்டியிருக்கீங்க.