டிராடவுனுக்கு ‘சரிவு’ வேணாம், ‘உள்வாங்கல்’ போடலாமா?

காக்கா, அண்ணே, எல்லாருக்கும் வணக்கம். டிரேடிங் சொல்லுக்கெல்லாம் நாம போடுற தமிழ்ப் பட்டியல்ல, டிராடவுனுக்கு, அதாவது பணம் தன்னோட உச்சத்துலருந்து கீழ வர்றதுக்கு, என்ன சொல் வைக்கலாம்னு நீங்க கேட்டதுக்குப் பதில் இது.

> டிராடவுனுக்குத்தான் ‘சரிவு’ இருக்கே, புதுசா எதுக்கு?

கீழக்கரை காக்கா கேட்டது நியாயமான கேள்விதான், ஆனா சரிவுன்னதும் நம்ம ஆளுங்க சந்தை விழுறதத்தான் நினைக்கிறாங்க. 2020 ஜனவரியில 12,400-ஐத் தாண்டுன நிஃப்டி குறியீடு மார்ச் 24-ல 7,511 வரைக்கும் இறங்குச்சே, அது சந்தையோட சரிவு. அதே ரெண்டு மாசத்துல ஷார்ட் போற, அதாவது விலை இறங்குனா லாபம் பார்க்குற சிஸ்டம் (வாங்க விக்க வச்சிருக்குற விதிகள்) ஒண்ணு புது உச்சத்துல இருந்திருக்கலாம். பேக்டெஸ்ட்ல, அதாவது சிஸ்டத்தப் பழைய விலையில ஓட்டிப் பார்க்குற சோதனையில, டிராடவுன்னு வர்றது, அந்த சிஸ்டத்தோட பணம் தன்னோட முந்தின உச்சத்துலருந்து எவ்வளவு கீழ வந்துச்சுங்கற கணக்கு மட்டும்தான்.

‘நஷ்டம்’னும் போட முடியாது. 1 லட்சம் போட்டு 1,40,000 ஆகி அப்புறம் 1,05,000-க்கு வந்து நின்னா, போட்ட காசுக்கு மேல 5,000 லாபம், ஆனா டிராடவுன் 25 சதவீதம், பழைய இடத்துக்குப் போக இருக்குற பணத்துல இன்னும் 33 சதவீதத்துக்கு மேல சம்பாதிக்கணும். லாபத்துல இருக்கும்போதே டிராடவுன் இருக்கும், இது புரியாமத்தான் நிறையப் பேர் பேக்டெஸ்ட் அறிக்கையில அந்த டிராடவுன் கட்டத்தப் பார்க்காம தாண்டிப் போறாங்க.

நம்ம பாம்பன்ல, மண்டபத்துல திடீர்னு கடல் கரையவிட்டு உள்ள போயிரும், நாட்டுப்படகு மணல்ல உக்காந்துரும், பாசியும் பாறையும் வெளிய தெரியும், ‘கடல் உள்வாங்கிருச்சு’ன்னு சொல்லுவோம். தென்கடல் உள்வாங்கிக் கிடக்கும், பாலத்துக்கு அந்தப் பக்கம் வடகடல்ல தண்ணி பழையபடி இருக்கும். ஒரே சந்தையில ரெண்டு சிஸ்டம் இருக்குற மாதிரி. நான் முதல்ல ‘வத்தம்’னுதான் (கடல் தினமும் ஏறி இறங்குறதுல இறங்குறது) எழுதி வச்சிருந்தேன், அப்புறம் அடிச்சிட்டேன், ஏன்னா ஏத்தம் வத்தத்துக்கு நேரம் உண்டு, கணக்குப் போட்டுச் சொல்லிரலாம். உள்வாங்குன கடல் எப்பத் திரும்பும்னு படகுக்காரருக்கே தெரியாது.

> உள்வாங்கல்னா புரிஞ்சுக்கறதுன்னும் அர்த்தம் இருக்கே?

இருக்கட்டும் அண்ணே. பங்குக்கும் ரெண்டு அர்த்தம் இருக்கு, யாரும் குழம்பல.

எனக்கு இதவிட முக்கியமாப் படுறது மேக்ஸ் டிராடவுன், பேக்டெஸ்ட்ல வந்ததுலயே ஆகப் பெரிய டிராடவுன். போன வாரம் பட்டியல்ல ‘அதிகபட்ச’ன்னு போட்டிருந்தோம், அத மாத்தியே ஆகணும். அதிகபட்சம்னு படிச்சா ‘இதுக்கு மேல போகாது’ன்னு ஒரு உறுதி தர்ற மாதிரி இருக்கு, ஆனா அந்த எண் பழைய விலையில டிரேடுகள் வந்த வரிசைக்குக் கிடைச்ச ஒரே ஒரு விடை. ஒவ்வொண்ணும் 2,000 நட்டத்துல அஞ்சு டிரேடு, நடுநடுவுல லாப டிரேடு வந்து காப்பாத்திட்டா டிராடவுன் 2,000-த்தோட நிக்கும், அதே அஞ்சும் அடுத்தடுத்து வந்தா 10,000. மொத்த லாபம் ரெண்டுலயும் ஒண்ணுதான். அதனாலதான் டிரேடுகளச் சீட்டுக்கட்டு மாதிரி ஆயிரம் தடவ கலைச்சுப் பார்க்கணும்னு சொல்றாங்க, அப்பத்தான் பேக்டெஸ்ட்ல மேக்ஸ் டிராடவுன் 18 சதவீதம்னு வந்தா அது அதிர்ஷ்டமா இல்ல வழக்கமான்னு தெரியும். அதுபோக, சிஸ்டத்த பழைய விலைக்கு ஏத்தபடி நாமளே திருகித் திருகி வச்சிருப்போம், நிஜத்துல அதவிடப் பெருசு வரும்னு எதிர்பார்த்துத்தான் பணம் ஒதுக்கணும். ‘பேருள்வாங்கல்’னு போட்டா பெருசுங்கறது மட்டும் வருது, எல்லைன்னு வரல.

காலத்துக்குத் தனியா ஒரு கட்டம் கட்டாயம் வேணும், ‘உள்வாங்கல் காலம்’. 10 சதவீதம் உள்வாங்கி மூணு வாரத்துல மீண்டதும், 10 சதவீதம் உள்வாங்கி ரெண்டு வருசம் கிடந்ததும் ஒண்ணில்ல, ரெண்டாவத யாரும் பொறுத்து உக்கார மாட்டாங்க, பாதியில சிஸ்டத்த விட்டுருவாங்க.

> கடல் திரும்ப வந்துரும், பணம் வரணும்னு இல்லையே தம்பி.

இந்த ஒண்ணுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்ல காக்கா, நீங்க சொல்றது சரிதான். அதனால பேக்டெஸ்ட் முடியிற தேதியில இன்னும் மீளாம இருக்குறதுக்கு மட்டும் வேற சொல் வைக்கலாம்னு தோணுது. படகு மணல்ல நிக்கிறத ‘தரைதட்டல்’னு சொல்றோமே, அதப் போடலாமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொன்னீங்கன்னா பட்டியல்ல ஏத்திருவேன்.