ஸ்லோ குக்கரில் இனிப்பு, உறைப்புக் கறி உருண்டை: நாங்கள் வைத்துப் பார்த்த விதம், அவரவர் ஊரிலிருந்து

பாளையங்கோட்டை

ஸ்லோ குக்கரில் (அடங்கின சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கிற கரண்டுப் பானை) கறி உருண்டையை இனிப்பும் உறைப்புமாக வைக்க என்ன சாறு ஊற்றுவது என்று ரொம்பப் பேர் கேட்கிறார்கள். நான் ஊற்றுவது இஞ்சிப் பச்சடி. மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்புக்குத் தொட்டுக்கொள்ள வைப்பார்களே, அதேதான்.

அமெரிக்காவில் இருக்கிற மதினி, அங்கே விருந்துக்கு இதை எப்படிச் செய்கிறார்கள் என்று சொன்னார். கடையில் வாங்கின வெந்த உருண்டை ஒரு பை, திராட்சை ஜெல்லி ஒரு பாட்டில், சில்லி சாஸ் ஒரு பாட்டில், மூன்றையும் குக்கரில் கொட்டி மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்களாம். அந்தச் சாஸில் உறைப்பு குறைவு, தக்காளியும் வினிகரும் சர்க்கரையும் சேர்ந்த கெட்டிச் சாறு அது. அவர் சொல்லச் சொல்ல எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஜெல்லியிலிருந்து இனிப்பும் பளபளப்பும் வருகிறது, சாஸிலிருந்து புளிப்பும் உப்பும் வருகிறது. இது அத்தனையையும் நம் ஆச்சிமார் எப்போதோ ஒரே கிண்ணத்தில் வைத்துவிட்டார்கள், கூடுதலாக இஞ்சிக் காரமும் இருக்கிறது. அப்புறம் எதற்கு ஜெல்லி பாட்டிலைத் தேடி அலைய வேண்டும்?

என் அளவு இது. அரை கிலோ ஆட்டுக் கொத்துக்கறிக்குப் பொரிகடலை மாவு 50 கிராம், பொடியாக நறுக்கின சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) ஒரு கைப்பிடி, துருவின தேங்காய் கொஞ்சம், சோம்பு, மிளகாய்த்தூள், உப்பு. முட்டை நான் சேர்ப்பதில்லை, பொரிகடலை மாவே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பெரிய நெல்லிக்காய் அளவுக்கு உருட்டினால் 25 உருண்டை போல வரும். உருட்டினதை அப்படியே குக்கரில் போடாதீர்கள், இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஸ்லோ குக்கருக்குள் இருப்பது ஈரமும் ஆவியும்தான், அது எதையும் சிவக்க வைக்காது, கறி சிவக்கும்போது எழும்புகிற அந்த மணம் அதற்குள் வராது. பச்சையாகப் போட்டால் கொழுப்பு மேலே மிதக்கும், உருண்டையும் வெளிறிப்போய் இருக்கும். குழிப்பணியாரச் சட்டியில் குழிக்குக் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு, நல்ல தீயில் புரட்டிப் புரட்டி எடுத்தால் வடிவமும் கெடாது, எண்ணெயும் வீணாகாது. உள்ளே வேக வேண்டியதில்லை, மேலே சிவந்தால் போதும். ஆனால் சிவந்த கையோடு குக்கருக்குப் போய்விட வேண்டும். அரைவேக்காட்டில் எடுத்து வைத்து மறுநாள் வேகவைக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம், கறி விஷயத்தில் அது ஆபத்து.

சாறுக்கு 75 கிராம் இஞ்சியைத் தோல் சீவிப் பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை, இரண்டு பச்சை மிளகாயோடு சிவக்க வதக்க வேண்டும். இரண்டு தக்காளியை அரைத்து ஊற்றி, எலுமிச்சங்காய் அளவு புளியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து விட்டு, மிளகாய்த்தூள், உப்பு போட்டு அடுப்பிலேயே பச்சை வாசம் போகிற வரை கொதிக்கவிட வேண்டும். ஸ்லோ குக்கரில் தண்ணீர் வற்றாது, புளியின் பச்சை வாசமும் லேசில் போகாது, அதனால் இந்த வேலையை அடுப்பில் முடித்துவிடுவதுதான் சரி. கருப்பட்டி 100 கிராம், கால் டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கண்டிப்பாக வடிகட்ட வேண்டும், மண் இருக்கும். அதில் முக்கால் பங்கை இப்போது ஊற்றி, மீதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உருண்டைகளை அடுக்கி, சாற்றைச் சூடாகவே மேலே ஊற்றி, ஹை என்றால் இரண்டு மணி நேரம், லோ என்றால் நான்கு மணி நேரம். இறக்குவதற்கு அரை மணிக்கு முன்னால் ருசி பார்த்து மீதிக் கருப்பட்டியைச் சேருங்கள். முதலில் புளிப்பு, பின்னால் இஞ்சி, கடைசியில் இனிப்பு என்று நாக்குக்குத் தெரிய வேண்டும். இனிப்பு முந்திக்கொண்டால் அது பலகாரம் ஆகிவிடும்.

பொங்கலையொட்டி வருகிற கரிநாள் அன்று வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது வைத்தேன். "என்னட்டி இது, சொதிப் பச்சடிக்குள்ள கறியப் போட்டு வச்சிருக்க" என்று ஆச்சி முதலில் தட்டை நகர்த்திவிட்டார். சைவ விருந்துக்கு உரியதைக் கறியோடு சேர்ப்பதா என்ற மனத்தாங்கல் அது, எனக்கும் புரிந்தது. பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டார், பிறகு சோற்றுக்கு அந்தச் சாற்றை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மேலப்பாளையம்

அக்கா, சாறு அருமை. எங்கள் வீட்டில் அடிக்கடி கறி உருண்டை போடுவோம், கறியைப் பற்றி இரண்டு விஷயம் சொல்கிறேன்.

கொத்தின பிறகு கறியைக் கழுவாதீர்கள். கொத்துக்கறி தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், பிறகு எவ்வளவு பிழிந்தாலும் போகாது, அந்த ஈரத்துக்காகப் பொரிகடலை மாவைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் மாவு உருண்டைதான் மிஞ்சும். துண்டாக வாங்கிக் கழுவி, ஈரம் வடித்து, அப்புறம் கொத்த வேண்டும் அல்லது மிக்சியில் விட்டு விட்டு அடிக்க வேண்டும். கறிக்கடை அண்ணாச்சியிடம் தொடைக்கறி கேட்கும்போது கொஞ்சம் கொழுப்பும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். வெறும் சதை என்றால் நான்கு மணி நேரத்தில் உருண்டை விறைத்துப்போகும்.

இன்னொன்று இஞ்சி. எங்கள் பெரியம்மா பச்சை இஞ்சியை அரைத்துக் கறியோடு பிசைந்து வைத்துவிட்டு சந்தைக்குப் போய்வருவார், வந்து பார்த்தால் கறி கொழகொழவென்று இருக்கும், உருண்டை பிடிக்காது. பச்சை இஞ்சியில் இறைச்சியின் புரதத்தை உடைக்கிற நொதி இருக்கிறது, பப்பாளிக்காய் கறியை மிருதுவாக்குவதும் அதே வகைதான். பெரிய துண்டுக் கறிக்கு அது நல்லது, கொத்துக்கறிக்கு ஆகாது. சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். நீங்கள் இஞ்சியைச் சாற்றில் வதக்கிப் போடுவது அதனால் ரொம்பச் சரியான வழி.

துபாய் (சொந்த ஊர் வள்ளியூர்)

நாங்கள் நான்கு பேர் ஒரே அறையில் இருக்கிறோம், எல்லோருக்கும் வெவ்வேறு ஷிப்ட். எங்களுக்கு இந்தக் குக்கர் இல்லையென்றால் தினமும் கடைச் சாப்பாடுதான். அதனால் இதன் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

இதைக் கண்டுபிடித்தவர் சிகாகோவைச் சேர்ந்த இர்விங் நாக்ஸன் என்ற யூதப் பொறியாளர். லித்துவேனியாவில் அவருடைய அம்மா வளர்ந்த வீட்டில், ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால், முந்தின நாள் மாலையே சோலன்ட் என்கிற கறியும் பயறும் சேர்ந்த குழம்புப் பானையை ரொட்டிக் கடை அடுப்பில் வைத்துவிட்டு வருவார்களாம், இரவு முழுக்க அடங்கின சூட்டில் அது வேகும். அம்மா சொன்ன அந்தக் கதையிலிருந்து செய்த கருவிக்கு 1940-இல் காப்புரிமை வாங்கினார். பிறகு அவருடைய நிறுவனத்தை ரைவல் கம்பெனி வாங்கி, 1971-இல் கிராக் பாட் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. நம் ஊரில் விறகு அடுப்பு அணைந்த பிறகும் கங்கின் மேல் மீன் குழம்புச் சட்டியை விட்டு வைப்போமே, அந்தக் குழம்பை மறுநாள் சாப்பிட்டவர்களுக்கு இந்தக் கருவியை விளக்கவே வேண்டாம்.

பெரும்பாலான குக்கர்களில் லோ, ஹை இரண்டும் கடைசியில் எட்டுகிற சூடு ஏறக்குறைய ஒன்றுதான், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. எவ்வளவு நேரத்தில் எட்டுகிறது என்பதில்தான் வித்தியாசம். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம் போல வேக்காடு தள்ளிப்போகும், கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கொத்துக்கறி நடுவில் 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும், கோழி என்றால் 74. சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஃப்ரீசரில் கல்லாக உறைந்த பச்சைக் கறியை நேராக இதில் போடவே கூடாது, சூடு ஏற ரொம்ப நேரம் பிடிக்கும், அதற்குள் கிருமி பெருகிவிடும்.

ஊருக்கு வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு: வளைகுடாவில் வாங்கினது நம் கரண்டுக்கு ஒத்துவரும், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். அமெரிக்காவில் வாங்கினது 120 வோல்ட், நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் கருகிவிடும்.

ஆலங்குளம்

எனக்குக் கரண்டு பிரச்சினை. காலையில் குக்கரைப் போட்டுவிட்டு வயலுக்குப் போனேன், சாயங்காலம் வந்து பார்த்தால் உள்ளே வெதுவெதுப்பு, சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் மிக்சிக்குப் பக்கத்து டிஜிட்டல் கடிகாரம் மட்டும் பூஜ்யத்தில் மின்னுகிறது. எப்போது போனது, எப்போது வந்தது என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. வாசனை நன்றாகத்தான் இருந்தது. முழுவதையும் கொட்டினேன். ஒரு கிலோ கறி, மனசு கேட்கவில்லை, ஆனாலும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கறி 60 டிகிரிக்குக் கீழே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருந்தால் மறுபடி கொதிக்க வைத்தாலும் நம்பக் கூடாது, சில கிருமிகள் விடுகிற நஞ்சு கொதித்தாலும் போகாது.

இப்போது இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டேன். என் குக்கர் 200 வாட்தான், நான்கு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட் வராது. அதோடு கரண்டு பராமரிப்பு நாள் என்றைக்கு என்று பார்த்துக்கொண்டு, அன்றைக்குக் கறி வாங்குவதில்லை.

வீரவநல்லூர்

நாங்கள் கறி சாப்பிட மாட்டோம். அந்த இஞ்சிப் பச்சடிச் சாறு ஆசையாக இருந்ததால் வாழைக்காய் உருண்டை போட்டுப் பார்த்தோம். வாழைக்காயை வேகவைத்து மசித்து, பொரிகடலை மாவு, சோம்பு, மல்லித்தழை சேர்த்துப் பொரித்து, சாற்றை மட்டும் குக்கரில் சூடாக வைத்திருந்து, பரிமாறுவதற்குக் கால் மணிக்கு முன்னால் உருண்டையைப் போட்டோம். முதலிலேயே போட்டால் கரைந்து கூழாகிவிடும், அது கறி மாதிரி தாங்காது. எங்கள் வீட்டு மருமகள் சொதிக்கே இதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

அக்கா, ஒரு கேள்வி. இதில் தேங்காய்ப்பால் ஊற்றலாமா? கருப்பட்டிக்குப் பதில் அச்சுவெல்லம் போடலாமா?

பாளையங்கோட்டை

தேங்காய்ப்பால் வேண்டாம். புளி அதிகம் இருக்கிற சாற்றில் நெடுநேரம் கிடந்தால் திரிந்துவிடும். உங்களுக்கு அந்தச் சுவைதான் வேண்டும் என்றால் புளியைப் பாதியாகக் குறைத்து, குக்கரை வார்மில் (சூடு ஆறாமல் மட்டும் வைத்திருக்கிற நிலை) வைத்த பிறகு முதல் பால் ஒரு டம்ளர் விட்டுக் கலக்கிவிடுங்கள், சொதியில் முதல் பாலை இறக்கும்போது விடுவோமே, அப்படி.

அச்சுவெல்லம் போடலாம், ஆனால் இனிப்பு மட்டும்தான் கிடைக்கும். கருப்பட்டியில் லேசான கரிப்பும் புகை வாசமும் உண்டு, கறிக்கு அதுதான் ஒட்டுகிறது. பதநீர் இறக்குகிற கலயத்துக்குள் புளிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு தடவுவார்கள், பிறகு அதைப் பெரிய தாச்சியில் ஊற்றி மணிக்கணக்காகக் காய்ச்சுகிறார்கள், அந்த வேலை எல்லாம் ருசியில் தெரியும். உடன்குடிப் பக்கம் ஆள் இருந்தால் சொல்லி வாங்குங்கள், அந்த ஊர்க் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. சர்க்கரைப் பாகு கலந்த கருப்பட்டி சந்தையில் நிறைய ஓடுகிறது, பனையேறி குடும்பங்களிடமே நேராக வாங்குவது நமக்கும் நல்லது, அவர்களுக்கும் காசு போய்ச் சேரும். சுக்குக் கருப்பட்டி மட்டும் இதற்கு வேண்டாம், இஞ்சியும் சுக்கும் சேர்ந்தால் காரம் தொண்டையைப் பிடிக்கும்.

ஆலங்குளம் அண்ணாச்சி, நீங்கள் கொட்டினதுதான் சரி. இன்னொரு வழி, வீட்டில் ஆள் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹையில் இரண்டு மணி நேரம் வைத்து முடித்துவிடுங்கள்.

மிஞ்சினதைக் குக்கர் பானையோடு ஃப்ரிட்ஜில் தூக்கி வைக்காதீர்கள், அந்தக் கனமான பீங்கான் சீக்கிரம் ஆறாது. அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, ஆறினதும் உள்ளே வையுங்கள். மறுநாள் அடுப்பில் நன்றாகக் கொதிக்கவைத்து, உருண்டையைப் பாதியாக உடைத்துப் போட்டுப் பரோட்டாவுக்கு ஊற்றிப் பாருங்கள். சால்னாவே வேண்டாம் என்று என் மகன் சொல்லிவிட்டான்.