58 சதவீத எல்லையில் சிக்கிய தாதுக் குவியல், வழி சொல்லுங்கள்

பெல்லாரி மாவட்டம் சண்டூரில் ஒரு சிறிய இரும்புச் சுரங்கத்தில் வேலை செய்கிறேன். 4,000 டன் தூள் தாது ஆறு வாரமாக விற்காமல் கிடக்கிறது. எங்கள் சோதனையில் இரும்பு 57.6%, ஏலத்துக்காக எடுத்த மாதிரியில் 58.3%. 58-ஐத் தாண்டினால் விலைப் பிரிவே மாறிவிடும். அரசுக்குக் கட்டும் 15% ராயல்டியும் அந்தக் கணக்கில்தான். வாங்க வருபவர்களோ 57 என்றே பேசுகிறார்கள்.

மழையில் தூள் சிவப்புக் களியாகக் கையில் ஒட்டுகிறது. குவித்து, நான்காகப் பிரித்து, மறுபடி மாதிரி எடுத்தோம். 105 டிகிரியில் உலர்த்தி இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினோம்: 57.8, 58.1. அப்புறம் பெரிய சுரங்கங்கள் போல ரயில் சைடிங் (சரக்கு ஏற்றும் கிளைப் பாதை) வசதியும் இல்லை, ஹொஸ்பேட் வரை லாரிதான். அந்த வாடகை போக மிஞ்சுவதே கொஞ்சம், அதனால் இந்த அரை சதவீதம் எங்களுக்குப் பெரிது.

ஏல மாதிரியை மறுபரிசோதனை செய்ய வைத்தவர்கள் யாராவது இருந்தால், எப்படி விண்ணப்பித்தீர்கள்?